பெண்கள் கதையை நடத்தும் படங்களும் தொடர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் இறங்கினால் எங்கள் ஊர். மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு டிவி முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவோம். ஒரு படம் பார்ப்போம், இல்லையென்றால் ஒரு தொடரில் இரண்டு பாகம். பிறகு டீ, பேச்சு. இலை எடுக்கப் போகிறவர்கள், பேக்டரியில் வேலை செய்கிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், ஒரு டீச்சர், பக்கத்து ஹட்டியிலிருந்து (நீலகிரியின் படகர் மக்கள் தங்கள் ஊரை இப்படித்தான் சொல்வார்கள்) வரும் படகர் பாட்டி ஒருவர், அப்புறம் என் அம்மா. நான் தேயிலை பேக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. "அக்கா, எங்க வீட்ல பார்க்க நல்லதா ஒரு படம் சொல்லுங்க" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெண்ணியப் படம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கதாநாயகி நாலு பேரை அடித்தால் சேர்த்துக்கொள்வீர்களா?

அடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'இறுதிச் சுற்று' மதி குத்துச்சண்டை மேடையில் விடும் குத்துக்கு ஓடு அதிரக் கைதட்டியிருக்கிறோம். ஆனால் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். கதை திரும்பும் இடத்தில் முடிவெடுப்பது யார்? காக்கிச் சட்டையில் ஜீப்பிலிருந்து குதிக்கும் கதாநாயகி, இடைவேளைக்குப் பிறகு யாராவது வந்து கட்டை அவிழ்த்துவிடுவார்களா என்று காத்திருந்தால் அந்தப் படம் எங்கள் ஹாலுக்கு வராது. 'காக்கா முட்டை' (2015) இரண்டு சிறுவர்களின் கதைதான். ஆனாலும் அதில் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த அம்மா, கணவன் சிறையில் இருக்க, கையில் இருக்கிற காசை எதற்குக் கொடுப்பது, எதை நாளைக்குத் தள்ளுவது என்று தினம் தினம் முடிவெடுக்கிறாள். அந்தப் படம் வரும்.

அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெல் 1985இல் தன் சித்திரத் தொடரில் ஒரு விதியை வேடிக்கையாகச் சொன்னார். படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான். உங்களுக்குப் பிடித்த பத்துப் படங்களை இதில் போட்டுப் பாருங்கள், எத்தனை தேறுகிறது என்று தெரியும். ஆனால் இது முதல் சல்லடைதான். இரண்டு பெண்கள் நகை பற்றிப் பேசினாலும் தேறிவிடும். அதனால் நான் என் கேள்வியையே வைத்துக்கொள்கிறேன்.

இதுவரை இப்படி எதுவும் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

'மகளிர் மட்டும்', 1994இல் வந்தது. 2017இல் ஜோதிகா நடித்து அதே பெயரில் இன்னொன்று வந்தது, அதுவும் நல்ல படம்தான். ஆனால் தொடங்க வேண்டியது பழையதில். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், ரேவதி, ஊர்வசி, ரோகிணி. ஒரு துணி நிறுவனத்தில் வேலை செய்யும் மூன்று பெண்கள். ஒருவர் நல்ல பதவிக்குப் படித்தவர், ஒருவர் குடும்பத்தை இழுத்துச் செல்லும் நடுத்தர வீட்டுப் பெண், ஒருவர் கூட்டித் துடைப்பவர். மூவருக்கும் தொல்லை கொடுப்பது ஒரே மேலாளர்.

ஏன் இது முதலில் என்றால், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். பிணமாக நாகேஷ் வரும் காட்சிக்கு எங்கள் வீட்டில் ஒரு அக்காவுக்குப் புரையேறி, தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. சிரித்து முடித்த பிறகுதான் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். "எங்க மேஸ்திரி ஒருத்தன் இருந்தான்" என்று ஒருவர் தொடங்கியது, மணி ஏழாகியும் முடியவில்லை. பல வருடம் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இலை எடுத்தவர்கள், ஒருவரிடம் ஒருவர் சொல்லாத கதைகள்.

இந்தப் படம் வந்தபோது வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்ததே 1997இல்தான். சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார் கேட்க ஒரு குழு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சின்ன இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு. அன்றைக்கு இதை நான் சொன்னபோது ஹாலில் இருந்தவர்களில் மூன்று பேருக்குத்தான் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சிரிப்பு வேண்டாம், அமைதியாக ஒன்று என்றால் '36 வயதினிலே' (2015). வயதாகிவிட்டது என்று வீட்டிலேயே ஒதுக்கப்படும் அரசு ஊழியர் வசந்தி, மொட்டை மாடியில் காய்கறி போடுகிறார். இங்கே காய்கறி போடாத வீடே கிடையாது என்பதால், அந்தக் காட்சிகளில் மண்ணையும் உரத்தையும் பற்றி விமர்சனம் பலமாக இருந்தது.

நம் மலையில் எவ்வளவோ படம் எடுத்திருக்கிறார்கள். அதில் ஏதாவது தேறுமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் மனக்குறை உண்டு.

'ஊட்டி வரை உறவு' (1967) காலத்திலிருந்து கேமரா இங்கே ஏறி வந்துகொண்டே இருக்கிறது. 'மூன்றாம் பிறை' (1982) கேத்தி ரயில் நிலையத்தை இன்றைக்கும் ஆட்கள் தேடி வந்து பார்க்கிறார்கள். ஸ்ரீதேவி அதில் அற்புதமாக நடித்தார், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நினைவே இல்லை. முடிவுகள் எல்லாம் அவளைச் சுற்றியிருக்கும் ஆண்களுடையவை. மற்ற படங்களில் கதாநாயகி ஒரு பாட்டுக்கு வருவாள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடுவாள், கீழே இறங்கிப் போய்விடுவாள். 31 வருடம் இலை எடுத்த என் அம்மா அப்படி ஒரு பாட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செடிக்குள்ள இப்படி ஓட முடியுமா? கவாத்துக் குச்சி காலைக் கிழிச்சுடும். படங்கு கட்டாம உள்ள போனா பாவாடை மிஞ்சுமா?" கவாத்து என்பது செடியை வெட்டிவிடுவது. படங்கு என்பது இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சாக்கு. அது கட்டிய பெண்ணை அந்தப் பாட்டில் எங்கேயும் காணோம்.

படங்கு கட்டிய பெண்களைப் பார்க்க வேண்டுமானால் பாலாவின் 'பரதேசி' (2013). 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்த நாவலிலிருந்து எழுந்த கதை. பஞ்சத்தில் கங்காணியை நம்பி மலையேறியவர்கள் திரும்ப முடியாமல் போனதைச் சொல்லும் படம். தன்ஷிகா நடித்த மரகதம், புருஷன் விட்டுவிட்டு ஓடிய பிறகு கையில் குழந்தையோடு எஸ்டேட்டில் நிற்கிறாள். கனமான படம். கதை ஆணின் பக்கமிருந்துதான் சொல்லப்படுகிறது, ஆனாலும் எங்கள் பாட்டிகள் வாழ்ந்தது திரையில் வந்தது அதில்தான்.

'பொன்மகள் வந்தாள்' (2020) ஊட்டியிலேயே நடக்கும் கதை. கொலைகாரி என்று சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கைப் பல வருடம் கழித்து வெண்பா என்ற வழக்கறிஞர் மறுபடி திறக்கிறார். ஜோதிகா நடித்தது, தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. கோர்ட் காட்சிகளில் பேச்சு அதிகம், பிரசங்கமாகிவிடும் இடங்கள் உண்டு. ஆனால் வடக்கிலிருந்து வந்த, மொழி தெரியாத, செத்துப்போன பெண் என்பதால் அவளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஊர் எப்படி நம்பியது என்ற கேள்வியைப் படம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதற்காகப் பார்க்கலாம்.

நம் மலையிலிருந்து வந்ததில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கோன்சால்வஸ் எடுத்த ஆவணப்படம், 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. முக்கால் மணி நேரம்கூட இல்லை. முதுமலை தெப்பக்காட்டில் ரகு என்ற யானைக்குட்டியை வளர்க்கும் பொம்மன், பெள்ளி. யானைக்காக எல்லோரும் பார்த்தார்கள். நீங்கள் பெள்ளிக்காகப் பாருங்கள். முதல் கணவரைப் புலிக்குப் பறிகொடுத்தவர், காட்டைக் கண்டாலே பயம் இருந்தவர், அதே காட்டுக்குள் யானைக்குட்டிக்குச் சோறு உருட்டி ஊட்டுகிறார். அவர் ரகுவிடம் பேசும் விதத்தைக் கவனியுங்கள். கொஞ்சல் ஒரு வார்த்தை, அதட்டல் ஒரு வார்த்தை, நம் வீட்டில் சாப்பிட மறுக்கும் பிள்ளையிடம் பேசுவது அப்படியே. 2023இல் தமிழக அரசு அவரைக் காவடியாக, அதாவது பாகனுக்கு உதவியாளராக, நியமித்தது. மாநிலத்தில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

இன்னொரு ஆசையையும் சொல்லிவிடுகிறேன். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், போனஸைக் குறைத்ததற்காக 'பெம்பிளை ஒருமை' என்று ஒன்றுகூடி ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் நடத்திய சங்கங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பேச்சுவார்த்தையில் போனஸைத் திரும்ப வாங்கினார்கள். அதை ஒரு முழு நீளக் கதைப்படமாகத் திரையில் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து காத்திருக்கிறேன்.

சாய் பல்லவி நம் ஊர்ப் பெண்தானே? அவர் படங்களில் எது?

கோத்தகிரியில் பிறந்தவர், படகர் குடும்பம், வளர்ந்தது கோயம்புத்தூரில். எங்கள் கூட்டத்துப் படகர் பாட்டிக்கு அதில் இருக்கும் பெருமையை எழுதி மாளாது. சரி, படத்துக்கு வருகிறேன். 'கார்கி' (2022), கௌதம் ராமச்சந்திரன் இயக்கியது, சோனி லிவ்வில் வந்தது.

கார்கி பள்ளி ஆசிரியை. அப்பா ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. அங்கே ஒரு சிறுமிக்குக் கொடுமை நடக்கிறது, அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. மகள் அவரை வெளியே கொண்டுவர ஓடுகிறாள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன், உங்களிடமும் யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். படத்தில் குழந்தைக்கு நடந்ததைக் காட்டுவதே இல்லை. அதற்காகவே அந்த இயக்குநரை மதிக்கிறேன். தமிழ்ப்படத்தில் எத்தனையோ முறை, கண்டிக்கிறோம் என்ற பெயரில் அதே கொடுமையை மூன்று கோணத்தில் காட்டியிருக்கிறார்கள். இதில் காட்டுவது கார்கியின் முகம், போலீஸ் ஸ்டேஷன் வாசல், நடை. சாய் பல்லவி என்றால் ஆட்டம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் பத்து நிமிடத்தில் அதை மறந்துவிட்டார்கள்.

படம் முடிந்ததும் எங்கள் ஹாலில் யாரும் பேசவில்லை. டீச்சர் மட்டும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நானா இருந்தா அந்தக் கடைசி முடிவை எடுத்திருப்பேனா, தெரியல" என்றார்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று இந்தப் படத்துக்குத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் பார்க்கலாம், ஆனால் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பழைய படங்களில் பெண்கள் அழுதுகொண்டேதானே இருப்பார்கள்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 'அவள் அப்படித்தான்' (1978) பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ருத்ரய்யா இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். கமல், ரஜினி இருவரும் இருந்தும் படம் ஸ்ரீப்ரியாவுடையது. விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும் மஞ்சு யாருக்கும் பிடித்தமாதிரி நடந்துகொள்வதில்லை. கோபப்படுவாள், அடுத்த நொடி இறங்கி வருவாள், மறுநாள் மறுபடி முறைப்பாள். நல்ல பெண், கெட்ட பெண் என்ற இரண்டு பெட்டியிலும் அவளைப் போட முடியாது. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் முற்போக்கான ஆணுக்கே அவளைப் புரிந்துகொள்ள முடியவில்லை. கடைசியில் காருக்குள் மஞ்சு இன்னொரு பெண்ணிடம் கேட்கும் கேள்விக்காகவே முழுப் படத்தையும் பார்க்கலாம்.

'அவள் ஒரு தொடர்கதை' (1974) சம்பாதிக்கும் மூத்த பெண்ணின் கதை. குடும்பமே சுஜாதாவின் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடும். பாலசந்தர் படங்களில் பெண்ணைத் தியாகியாக்கி நிறுத்திவிடுகிறார் என்ற குறை எனக்கு உண்டு, இதிலும் அது இருக்கிறது. இருந்தாலும் அவள் வாயைத் திறந்து பேசும் பேச்சு இருக்கிறதே, அதில் எந்தத் தியாகமும் கிடையாது. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தில் லட்சுமி தேசிய விருது வாங்கினார். மெதுவாகப் போகும், பொறுமை வேண்டும்.

'மறுபடியும்' (1993) பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். கணவன் வேறொருத்தியிடம் போய்விட்டுத் திரும்பி வருகிறான். ரேவதி என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

எங்கள் பாட்டிக்கு 80 வயது. அவருக்கு என்ன போடலாம்?

'ஔவையார்' (1953). சாமிப் படம் என்று ஒதுக்காதீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கிழவியாக நாடெல்லாம் நடந்து, அரசர்களுக்கே புத்தி சொல்லும் ஒரு பெண்ணின் கதை இது. கே.பி. சுந்தராம்பாள் வாழ்க்கையும் அப்படித்தான். 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் போட ஒரு லட்சம் ரூபாய் வாங்கியவர். கணவர் கிட்டப்பா இறந்த பிறகு வெள்ளைச் சேலையிலேயே கடைசிவரை வாழ்ந்து, பாடிச் சம்பாதித்தவர். வெள்ளை முண்டு கட்டிய எங்கள் படகர் பாட்டி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ எங்க ஹெத்தை மாதிரி" என்றார். ஹெத்தை என்றால் படகர் மொழியில் பாட்டி. பாட்டியையே அம்மனாகக் கும்பிட்டு மார்கழியில் திருவிழா எடுக்கும் மக்கள் அவர்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் அந்தப் படத்தை வேறு கண்ணால்தான் பார்க்கிறேன்.

சீரியல் பார்ப்பதை விட்டுவிட வேண்டுமா?

யார் சொன்னது? நாள் முழுக்கக் குனிந்து இலை எடுத்துவிட்டு வந்து காலை நீட்டி உட்காரும் பெண்ணிடம் போய் அதைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'கோலங்கள்' 2003இல் தொடங்கி ஆறு வருடம் ஓடியது. கட்டுமானத் தொழிலில் நின்று ஜெயிக்கும் அபியைப் பார்த்துத்தான் என் அக்கா ஒருவர் சொந்தமாக மளிகைக் கடை வைத்தார். அவரே சொன்னது இது. 'எதிர்நீச்சல்' 2022இல் வந்தபோது, படித்த மருமகள்களை அடுப்படிக்குள் பூட்டி வைக்கும் வீட்டை அப்படியே காட்டியது. ஆனால் சீரியலுக்கு ஒரு கட்டாயம் உண்டு. கதை முடியக் கூடாது என்பதால் பெண் ஜெயிக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் நாலு வாரம் அழ வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் போதும்.

முடிவுள்ள தொடர் வேண்டுமானால் 'அயலி' (2023, ஜீ5). எட்டே பாகம். பெண் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடும் ஒரு கிராமம், 1990கள். டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் தமிழ்ச்செல்வி, வயதுக்கு வந்ததையே ஊரிடமிருந்து மறைக்கிறாள். அபி நட்சத்திரா அந்தப் பெண்ணாக வாழ்ந்திருக்கிறார், அம்மாவாக அனுமோல் அவருக்கு ஒரு படி மேலே. பயந்த அம்மா, மகளைப் பார்த்து மெல்ல மெல்லத் துணிகிறாள். பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். அதே வயதுக்கு 'கனா'வும் (2018) நல்லது. விவசாயி மகள் கிரிக்கெட் ஆடப் போகிறாள், கூடவே அப்பாவின் கடனும் ஓடிக்கொண்டிருக்கிறது.

'ஸ்வீட் காரம் காபி' (2023) பாட்டி, மருமகள், பேத்தி மூவரும் வீட்டில் சொல்லாமல் ஊர் சுற்றக் கிளம்பும் தொடர். லேசானது, பயணத்தில் பார்க்கலாம்.

வீட்டு ஆண்கள் உட்கார மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

'பெண்ணியம்' என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள், படம் என்று சொல்லிக் கூப்பிடுங்கள். 'அறம்' (2017) போடுங்கள். ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்துவிட்டது, கலெக்டர் மதிவதனி அங்கேயே நிற்கிறார். எழுந்து போக யாருக்கும் மனம் வராது. அஜித் ரசிகர் என்றால் 'நேர்கொண்ட பார்வை' (2019). பெண் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று அஜித் வாயால் கேட்டால் எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் காதில் ஏறுகிறது. பெண்களின் வழக்கைப் பேச அங்கேயும் ஒரு ஆண் தேவைப்படுகிறாரே என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் போடுகிறேன்.

மற்ற மொழிப் படங்கள்?

நீலகிரிக்காரர்களுக்கு மலையாளம் ஒன்றும் அந்நியம் இல்லை, கூடலூர் பக்கம் நிறையப் பேர் பேசுவதே அதுதான். 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) மலையாளத்திலேயே பாருங்கள். தமிழிலும் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து வந்தது, மூலத்தின் அமைதி அதில் இல்லை. புதிதாகக் கல்யாணமான பெண் சமைக்கிறாள், பரிமாறுகிறாள், எச்சில் தட்டை எடுக்கிறாள், கழுவுகிறாள், மறுநாள் மறுபடி. சிங்க் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லிக் கணவனிடம் சொல்கிறாள், அவன் மறந்துவிடுகிறான். மறுபடி சொல்கிறாள். பாதியில் ஒரு அக்கா, "எங்க வீட்லயும் அந்த பைப்தான், ரெண்டு வருசமா" என்றார்.

அன்று படம் முடிந்தபோது ஹால் நடுவில் பதினோரு டீ டம்ளர் கிடந்தது. வழக்கமாக என் அம்மாதான் அள்ளிக்கொண்டு போவார். அன்றும் எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொருவரும் குனிந்து அவரவர் டம்ளரை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பின்பக்கக் குழாய்க்குப் போனோம்.

'உள்ளொழுக்கு' (2024) இன்னொன்று. குட்டநாட்டில் வீட்டைச் சுற்றி வெள்ளம், அடக்கம் செய்ய முடியாத பிணம், ஒரு மாமியார், ஒரு மருமகள். ஊர்வசியும் பார்வதியும். மழை விடாத நாளில் பார்த்தால் உள்ளே போய்விடுவீர்கள். இந்தியிலிருந்து 'இங்கிலீஷ் விங்கிளிஷ்' (2012), தமிழிலேயே கிடைக்கிறது.

பெண்கள் இயக்கிய படங்கள் என்று தனியாகச் சொல்ல முடியுமா?

தமிழில் முதல் பெண் இயக்குநர் டி.பி. ராஜலட்சுமி. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' கதாநாயகியும் அவர்தான். 1936இல் தன் நாவலையே 'மிஸ் கமலா' என்று எடுத்தார். இப்போது பார்க்கக் கிடைப்பவற்றில் சுஹாசினியின் 'இந்திரா' (1995), லட்சுமி ராமகிருஷ்ணனின் 'ஆரோகணம்' (2012), ஹலிதா ஷமீமின் 'சில்லுக்கருப்பட்டி' (2019), சுதா கொங்கராவின் 'இறுதிச் சுற்று' (2016). 'ஆரோகணம்' பலருக்குத் தெரியாது. மனநோயோடு காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் அம்மாவாக விஜி சந்திரசேகர் நடித்தது. தேடிப் பாருங்கள்.

பார்க்கும்போது யாருக்காவது தாங்க முடியாமல் போனால்?

நிறுத்திவிடுங்கள். நாங்கள் இரண்டு முறை நிறுத்தியிருக்கிறோம். படம் தொடங்கும் முன்பே, இதில் அடி உதை இருக்கிறது, இதில் குழந்தைக்குக் கெடுதல் நடக்கிறது என்று சொல்லிவிடுவோம். கதை தெரிந்தால் சுவை போய்விடும் என்பவர்கள் உண்டு, ஆனால் ஹாலில் யார் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் டிவி பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். சான்றிதழில் முன்பு யு/ஏ என்று மட்டும் இருக்கும், 2024 முதல் 7, 13, 16 என்று வயது பிரித்துப் போடுகிறார்கள். பிள்ளைகள் இருந்தால் அதைப் பாருங்கள்.

எங்கே கிடைக்கும்? ஊர் மண்டபத்தில் எல்லோருக்கும் போடலாமா?

எந்தத் தளத்தில் முதலில் வந்தது என்று தெரிந்ததை மேலே சொல்லியிருக்கிறேன். மற்றவை இடம் மாறிக்கொண்டே இருக்கும், பெயரைப் போட்டுத் தேடிக்கொள்ளுங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் விடியற்காலையில் இறக்கி வைத்துவிடுவது நல்லது. ஐப்பசி மழையில் மரம் விழுந்தால் கரண்டும் போகும், டவரும் போகும்.

மண்டபத்தில், பள்ளியில் போடுவது வேறு. மாதச் சந்தா என்பது வீட்டில் பார்க்க மட்டும்தான். பொது இடத்தில் காட்ட உரிமை வைத்திருப்பவரிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். சின்னப் படங்களை எடுத்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், நான் கேட்ட ஒருவர் மகிழ்ச்சியோடு சரி என்றார்.

அடுத்து என்ன பார்க்கப் போகிறீர்கள்? நாங்களும் வரலாமா?

'அங்கம்மாள்'. பெருமாள்முருகனின் 'கொடித்துணி' சிறுகதையிலிருந்து எடுத்தது, கீதா கைலாசம் நடித்தது. வாழ்நாள் முழுக்க ரவிக்கை போடாத அம்மாவை, வீட்டுக்குச் சம்பந்தி வரப்போகிறார்கள் என்று மகன் ரவிக்கை போடச் சொல்கிறான். படகர் பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும் என்று நானும் அம்மாவும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

தாராளமாக வரலாம். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குவோம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், ஜன்னல் ஒன்று சரியாக மூடாது. டீ நாங்கள் போடுகிறோம். டம்ளர் உங்களுடையது.